சிங்கிள் ஓனர், எச்.பி. இல்லை, விலையும் கம்மி: ஆர்.சி. சுத்தமா இருந்தா போதுமா?

கேள்வி | 2 மார்ச் 2025

2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், சென்னை நம்பர், கோவையில பழைய கார் வித்துத் தர்ற ஒரு கன்சல்டிங்ல நிக்குது. சிங்கிள் ஓனர். ஆர்.சி.ல எச்.பி., அதாவது கடன் அடமானப் பதிவு, இல்லை. இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு. மார்க்கெட்டைவிட எழுபதாயிரம் கம்மியா சொல்றாங்க. ஓனர் வெளிநாட்டுல இருக்காராம். பேர் மாத்தற 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம், பேர் மாத்தித் தர்றது எங்க பொறுப்புங்கறாங்க. மெக்கானிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், இன்ஜின் நல்லா இருக்குன்னுட்டார். என் கணக்குல பேப்பர் சுத்தம், வண்டி சுத்தம். வேற ஏதாவது பார்க்கணுமா?

பதில் | 2 மார்ச் 2025, இரவு

பேப்பர் சுத்தம்னு எதை வச்சுச் சொல்றீங்க? ஆர்.சி. சொல்றது முக்கியமா ரெண்டு விஷயம்: இன்னைக்கு வண்டி யார் பேர்ல இருக்கு, எந்த ஃபைனான்ஸ்ல அடமானம் இருக்கு. அதுக்கு முன்னால வண்டிக்கு என்ன ஆச்சுன்னு எழுத அதுல கட்டமே கிடையாது.

வெளிநாட்டு ஓனர் கதையை நாங்களும் கேட்டோம். என் மச்சான் வாங்கின பலேனோவுக்கும் ஓனர் வெளிநாட்டுலதான் இருந்தார். விசாரிச்சா சென்னை மடிப்பாக்கத்துல இருந்தார்.

நாளைக்கு முழுசா எழுதறேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

3 மார்ச் 2025

மச்சான் திருப்பூர்ல இருக்கார். போன வருஷம் ஜூலைல, 2018 பலேனோ, 4,80,000 ரூபாய்க்கு எடுத்தார். சிங்கிள் ஓனர், எச்.பி. இல்லை, உங்க வண்டி மாதிரியே அச்சு அசல். பாலிஷ் போட்டு, சீட் கவர் புதுசா மாட்டி, உள்ளே சென்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. பேர் மாத்தறதுக்கு மட்டும் "இன்னும் பத்து நாள் பொறுங்க"ன்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க.

அதுக்குள்ள டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிஞ்சுது. அணையலை. பல்லடம் ரோட்டுல தெரிஞ்ச வயரிங் கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். எலக்ட்ரீஷியன் பையன் ஸ்கேனரையே எடுக்கலை. முன் சீட் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தான், கடைசி வரைக்கும் இழுத்தான். நாம மாட்டும்போது வெளிய வர்ற நீளம் வரைக்கும் பெல்ட் கருகருன்னு இருந்துது. உள்ளே சுருண்டே கிடக்கிற மிச்சம் காக்கி நிறம், ரெண்டும் சேர்ற இடத்துல கோடு கிழிச்ச மாதிரி ஒரு சேத்துத் தடம். "எந்த ஊர் வண்டிங்கண்ணா?"ன்னு கேட்டான். சென்னைன்னோம். "டிசம்பர் வண்டி"ன்னான், அவ்வளவுதான்.

அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கினான். சீட் ரெயில் போல்ட் இடுக்குல காய்ஞ்ச வண்டல். ஏர்பேக் கனெக்டர் பின் எல்லாம் பச்சைக் களிம்பு. ஸ்டெப்னி குழி மட்டும் புது பெயிண்ட். பழைய கார்ல அந்தக் குழிக்குப் போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?

3 மார்ச் 2025, மதியம்

சாப்பிட்டு வந்து தொடர்றேன். முதல் ஓனரை எப்படிப் பிடிச்சீங்கன்னு அதுக்குள்ள ஒருத்தர் கேட்டுட்டார். டேஷ்போர்டு பெட்டிக்குள்ள மேனுவல் புக்குக்கு நடுவுல பழைய சர்வீஸ் பில் ஒண்ணு கிடந்துது. அதுல போன் நம்பர். கூப்பிட்டேன்.

வண்டி நம்பரைச் சொன்னதும் அந்த மனுஷன் கேட்டது: "அந்த வண்டி இன்னும் ஓடுதா சார்?"

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வீட்டு முன்னால நின்ன வண்டியில ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணி. இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டுப் பணம் குடுத்துட்டாங்க. ரெக்கவரி வண்டி வந்து தூக்கிட்டுப் போயிருக்கு. கூட வந்த ஆள் 29, 30-ல கையெழுத்து, ஆதார் ஜெராக்ஸ், ஆர்.சி., ரெண்டு சாவி எல்லாம் வாங்கிக்கிட்டு "ஆர்.சி. கேன்சல் விஷயம் நாங்க பார்த்துக்கறோம்"னு சொல்லியிருக்கான். இவர் பழைய இரும்புக்குப் போயிடுச்சுன்னு நம்பிட்டார். நாலஞ்சு மாசம் கழிச்சு அவிநாசி பக்கம் ஸ்பீடு ஃபைன்னு அவர் போனுக்கு இ-சலான் வந்துருக்கு. யாரோ நம்பர் பிளேட்டைத் திருட்டுத்தனமா மாட்டிக்கிட்டு ஓட்டறாங்கன்னு நினைச்சாராம்.

பேர் மாத்த ஏன் இழுத்தாங்கங்கறதும் அப்பத்தான் புரிஞ்சுது. அரசாங்கத்தோட பரிவாகன் வெப்சைட்ல விண்ணப்பிச்சா ஓ.டி.பி. ஆர்.சி.ல பதிவான போனுக்குத்தான் போகும். அந்த போன் மடிப்பாக்கத்துல இருக்கு.

5 மார்ச் 2025

"டோட்டல் லாஸ் ஆன வண்டி எப்படி ரோட்டுக்கு வரும், அது சட்டவிரோதம் இல்லையா?"ன்னு சேலத்துக்காரர் கேட்டிருக்கார். இல்லைங்க, அதுதான் வேடிக்கை.

டோட்டல் லாஸ்ங்கறது கணக்குச் சொல். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.ல (பாலிசில போட்டிருக்கிற வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா, ரிப்பேர் பண்ணிக் குடுக்கறதைவிட முழுப் பணத்தைக் குடுத்து முடிச்சுக்கலாம்னு கம்பெனி முடிவு பண்ணும். வண்டி செத்துப் போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. கிடைக்கிற வண்டியை ஏலத்துல விட்டுக் கொஞ்சம் காசு பார்ப்பாங்க. எடுக்கிறவங்க வெளியில பட்டறைல பாதி விலைக்கு ரெடி பண்ணிடுவாங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு, வண்டி அழிஞ்சு போனாலோ நிரந்தரமா உபயோகமில்லாம ஆனாலோ ஓனர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யை ஒப்படைக்கணும்னு சொல்லுது. 'நிரந்தரமா' - அந்த ஒரு சொல் போதும். தண்ணில நின்ன வண்டியைக் கழுவி, மாட்யூல் மாத்தி ஸ்டார்ட் பண்ணிட்டா அது நிரந்தரமா போன வண்டி இல்லையே. ஆர்.சி. உயிரோட இருக்கும். அமெரிக்காவுல இந்த மாதிரி வண்டிக்கு உரிமைப் பத்திரத்துலயே 'சால்வேஜ்'னு முத்திரை விழும். நம்ம ஆர்.சி.ல அப்படி ஒண்ணு கிடையாது.

இப்ப 'சிங்கிள் ஓனர்' எப்படி வந்துதுன்னு பாருங்க. ஏலத்துல எடுத்தவர் பேருக்கு மாத்தலை. அவர்கிட்ட வாங்கின பட்டறைக்காரரும் மாத்தலை, பட்டறைகிட்ட எடுத்த கன்சல்டிங்கும் மாத்தலை. கையெழுத்துப் போட்ட 29, 30 மட்டும் கை மாறிக்கிட்டே வந்துருக்கு. கை எத்தனை மாறினாலும் ஆர்.சி.ல ஓனர் சீரியல் ஒண்ணுதான்.

5 மார்ச் 2025, இரவு

இதையெல்லாம் மச்சான்கிட்ட சொன்னதுக்கு அவர் பதில்: "இருந்தாலும் ஏ.சி. நல்லா கூலிங் ஆகுது மாப்ளே." என் தங்கச்சி அன்னைக்கு அவருக்குக் காப்பி போடலை.

9 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் "அப்ப எதைத்தான் பார்க்கறது"ன்னு சலிச்சுக்கறார். இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்க. கரண்ட்ல இருக்கறதை மட்டும் இல்லை, அதுக்கு முந்தின வருஷத்தோடதும், முடிஞ்சா அதுக்கும் முந்தினதும். ஆர்.சி. சொல்லாத கதையெல்லாம் அதுல இருக்கும்.

மச்சான் வண்டிக்கு என்ன இருந்துதுன்னு சொல்றேன். கையில இருந்த பாலிசி 2024 மே மாசம் ஆரம்பம், வெறும் தேர்டு பார்ட்டி. பழைய பாலிசியோ டிசம்பர் கிளெய்மோட முடிஞ்சுடுச்சு. நடுவுல அஞ்சு மாசம் வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை. தினம் ஆபீஸ் போற மனுஷன் அஞ்சு மாசம் இன்சூரன்ஸ் இல்லாமலா ஓட்டினார்? அப்புறம் எடுக்கும்போது அஞ்சு லட்ச ரூபாய் வண்டிக்கு ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான கவர், வேண்டாம்னா விட்டார்? 'இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு'ங்கற வார்த்தைக்குள்ள இத்தனையும் மறைஞ்சு போச்சு.

அடுத்தது என்.சி.பி., கிளெய்ம் எடுக்காம இருந்ததுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி. கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20, அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷத்துக்கு மேல 50 சதவீதம். ஆறு வருஷ வண்டி, ஒரே ஓனர், 'ஒரு கீறல் விழலை'ங்கறாங்க, பாலிசில என்.சி.பி. சைபர்னா, போன வருஷம் கிளெய்ம் எடுத்திருக்காங்க. என்ன கிளெய்ம்னு ஓனரையே அவர் கம்பெனில எழுதிக் கேட்கச் சொல்லுங்க.

ஷோரூம் சர்வீஸ் ஹிஸ்டரியும் கேளுங்க. சென்னை வண்டியோட கடைசி என்ட்ரி 2023 நவம்பர்ல நின்னுருந்தா கிளம்பி வந்துடுங்க.

11 மார்ச் 2025

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தர் திருத்தம் சொல்லியிருக்கார், அது சரி. என்.சி.பி. சைபர் எல்லாமே கிளெய்ம் இல்லை. பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னாலும் சைபர் ஆகும். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தம் இல்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய கார் வாங்கின ரெண்டாவது ஓனருக்கு முதல் வருஷம் சைபர்தான் இருக்கும். ஆனா 'சிங்கிள் ஓனர்' வண்டியில அந்தக் காரணம் செல்லாது, இதையும் அவரே ஒத்துக்கிட்டார்.

இன்னொண்ணும் அவர் சொன்னது: பேர் மாறினதும் தேர்டு பார்ட்டி கவர் தானா வாங்கினவருக்கு வந்துடும், ஓன் டேமேஜ் அப்படி வராது. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி மாத்திக்கணும். மாத்தாம ஓட்டி இடிச்சா செலவு நம்ம பாக்கெட்.

20 மார்ச் 2025

பேச்சு தண்ணி ஏறின வண்டியிலயே நிக்குது. நிறைய பேர் மாட்டறது கடன் வண்டியில. ஆர்.சி.ல எச்.பி. இருந்தா அதுவே நல்லது, கண்ணுக்குத் தெரியுதே. டியூ முடிஞ்சுதா, பேங்க் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்) இருக்கா, ஃபார்ம் 35-ல பேங்க் சீல் இருக்கான்னு பார்த்து எச்.பி. கேன்சல் பண்ணிக்கலாம். என்.ஓ.சி. தேதி மூணு மாசம் தாண்டியிருந்தா புதுசு வாங்கச் சொல்லுவாங்க.

பயப்பட வேண்டியது ஆர்.சி.ல ஏறாத கடனுக்கு. ஒரிஜினல் ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட ஃபார்மையும் வட்டிக் கடையில வச்சுப் பணம் வாங்கறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். வண்டி விவரம் காட்டற அரசாங்க வாகன் வெப்சைட் பக்கத்துல தேடினா ஒண்ணும் தெரியாது. ஓனர் போலீஸ்ல 'ஆர்.சி. தொலைஞ்சு போச்சு'ன்னு சொல்லி டூப்ளிகேட் வாங்கி நமக்கு விப்பார். ஒரு நாள் காலைல வட்டிக் கடைக்காரர் ஒரிஜினலோட வாசல்ல நிப்பார். சட்டப்படி அவர் கை ஓங்குமாங்கறது வேற விஷயம், வண்டியைத் தூக்க வர்ற சீஸிங் பசங்க சட்டப் புத்தகத்தோட வர்றதில்லை.

டூப்ளிகேட் ஆர்.சி. வண்டின்னா நான் கேட்கற முதல் கேள்வி, தொலைஞ்சது எப்ப? விக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாலன்னா நமஸ்காரம்.

2 ஏப்ரல் 2025

டி போர்டை (டாக்ஸி) ஓன் போர்டா (சொந்த உபயோகம்) மாத்தின வண்டி பத்திக் கேட்டிருக்காங்க. அது மறைக்க முடியாத வரலாறு, ஆனாலும் மறைக்கப் பார்ப்பாங்க. நாலு வருஷ டிசையர், ஓடினது 45 ஆயிரம்னு மீட்டர் சொல்லும். பின் சீட் கதவுக் கைப்பிடி மட்டும் வழவழன்னு தேய்ஞ்சிருக்கும். சொந்தக் கார்ல பின் கதவை யாருங்க அவ்வளவு திறந்து மூடறாங்க? இதுல தப்பு ஒண்ணும் இல்லை, டாக்ஸி விலைக்குக் குடுத்தா வாங்கிக்கலாம்.

18 மே 2025

"கன்சல்டிங்காரரை என்ன பண்ணீங்க?" கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பண்ணினதைச் சொல்றேன்.

முதல்ல பேர் மாத்தினோம். இதுக்கு முதல் ஓனர் தயங்குவார்னு நினைச்சேன், அவர் எங்களைவிட அவசரப்பட்டார். காரணம் இருக்கு. கை எத்தனை மாறினாலும் ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. எங்க மச்சான் யார் மேலயாவது இடிச்சிருந்தா கோர்ட் நோட்டீஸ் மடிப்பாக்கத்துக்குத்தான் போயிருக்கும், அதுவும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியைக்கூட யாராவது புதுப்பிக்க மறந்திருந்தா மனுஷன் கதி அதோகதி. போன்ல இதைச் சொன்னதும் அரை மணி நேரத்துல ஓ.டி.பி. வந்துடுச்சு.

அப்புறம் கன்சல்டிங். "டோட்டல் லாஸ்னு எனக்கே தெரியாதுங்க, நானே பட்டறையில எடுத்தது"ன்னார். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. வக்கீல் நோட்டீஸோட சீட் பெல்ட் போட்டோவையும் முதல் ஓனரோட கிளெய்ம் செட்டில்மென்ட் கடிதத்தையும் வச்சு அனுப்பினோம். வண்டியைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டார். 75 ஆயிரம் குடுத்து எழுதி வாங்கிக்கிட்டார். மச்சான் ஒத்துக்கிட்டார். நான்னா கேஸ் போட்டிருப்பேன். ஆனா வண்டி என்னோடது இல்லையே.

19 மே 2025

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒரு யோசனை. கன்சல்டிங்காரர் பொய் சொன்னார்னே இத்தனை நாள் வச்சிருந்தேன். பட்டறைல எடுத்தப்ப அவர் குடுத்த விலை என்னன்னு பின்னால தெரிய வந்துது. அந்த விலைக்கு நல்ல பலேனோ கிடைக்காதுன்னு இருபது வருஷமா கார் விக்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவர் கேட்கலை. கேட்டிருந்தா தெரிஞ்சுட்டு வித்த மாதிரி ஆகும், கேட்கலைன்னா 'எனக்கே தெரியாதுங்க'ன்னு சொல்லிக்கலாம். பட்டறையும் கேட்டிருக்காது. ஏலத்துல எடுத்தவருக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. அவர் வாங்கினதே டோட்டல் லாஸ்ங்கற பேர்லதான்.

இதுக்குத்தான் 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஒரு விதி வந்துருக்கு. பழைய வண்டி விக்கிறவங்க ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும். ஓனர் வண்டியை அவங்ககிட்ட விட்டதும் ஃபார்ம் 29சி-ல போர்ட்டல்ல தெரிவிக்கணும். அந்த நிமிஷத்துல இருந்து பொறுப்பு டீலருக்கு. இது ஒழுங்கா நடந்திருந்தா நடுவுல இருந்த கைகள் எல்லாம் பதிவுல ஏறியிருக்கும். நீங்க பார்க்கிற கோவைக் கடையில அந்தச் சான்று இருக்கான்னு கேளுங்க. முகம் போற போக்கைப் பாருங்க.

14 ஆகஸ்ட் 2025

டெல்லி வண்டி கேட்ட தம்பிக்கு. அங்க 10 வருஷம் தாண்டின டீசலும் 15 வருஷம் தாண்டின பெட்ரோலும் ஓடக் கூடாதுன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொன்னதால அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்துக்கிட்டு இருந்துது. 2025 ஆகஸ்ட் 12-ல அதே கோர்ட், வயசை மட்டும் வச்சு ஓனர்கள் மேல அப்போதைக்கு நடவடிக்கை எடுக்க வேண்டாம்னு சொல்லுச்சு. விலை இனி எப்படிப் போகும்னு பார்க்கணும். எப்படியிருந்தாலும் அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. இல்லாம, இங்க எவ்வளவு டாக்ஸ் வரும்னு நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிக்காம லாரில ஏத்திடாதீங்க. கூட்டிப் பார்த்தா 'சீப்' காணாமப் போயிடும்.

27 ஆகஸ்ட் 2025

பலேனோவை வித்தாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதுல வீட்டுல பெரிய சண்டை. தண்ணி ஏறினதைச் சொல்லி விக்கணுமா, சொல்லாம விக்கணுமா? "நமக்கு யார் சொன்னாங்க?"ங்கறது மச்சான் கட்சி. சொல்லாம வித்தா நாலே கால் லட்சம் போகும், சொன்னா மூணு முக்கா வரலாம். என் தங்கச்சிதான் முடிச்சு வச்சா: "ஏர்பேக் வேலை செய்யாத வண்டியில இன்னொருத்தர் புள்ளைங்க உக்காரும்." மச்சான் பேசலை.

தாராபுரத்துல ஒரு மெக்கானிக் எடுத்துக்கிட்டார். செட்டில்மென்ட் கடிதம், கார்ப்பெட் தூக்கின போட்டோ எல்லாம் காட்டினோம். அவர் பெல்ட்டைக்கூட இழுக்கலை, "தெரியுதுங்க, வாசனையே சொல்லுது"ன்னார். வயரிங் முழுசும் தானே மாத்திக்கறதா சொல்லி 3,40,000-க்கு முடிச்சார். கடிதத்தோட நகலையும் பேப்பரோட சேர்த்துக் குடுத்துட்டோம். நாளைக்கு அவர் விக்கும்போது அதைக் கூடக் குடுப்பாரா, அடுப்புல போடுவாரா, அது அவர் பாடு.

நேத்து பேர் மாறிடுச்சு. வாகன் பக்கத்துல பார்த்தேன், ஓனர் சீரியல் 3. மடிப்பாக்கம், ஏலக்காரர், பட்டறை, கன்சல்டிங், மச்சான், மெக்கானிக்னு நான் எண்ணினா 6.

மச்சான் ஃபாஸ்ட்டேக்கை இன்னும் குளோஸ் பண்ணலை. இன்னைக்குக் காலைல ஒரு டோல்ல அவர் அக்கவுன்ட்ல இருந்து பணம் போயிருக்கு. போன் பண்ணிக் கத்திக்கிட்டு இருக்கார், போய்ப் பார்த்துட்டு வரேன்.